இருபத்திரண்டை ஏழால் வகுத்தபோது

கண்டி நகரச் சந்தைக்குப் பின்னால், கோழி இறைச்சிக் கடைகள் இருக்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் ஒரு மண்டபம் இருக்கிறது. படியேறும்போது முதல் மாடி வரைக்கும் நனைந்த கோழி இறகின் வாடை கூடவே வரும். இரண்டாம் மாடியில் கழிவறை வாடை. மூன்றாம் மாடியில் மார்க்கர் பேனையின் வாடை. ஐந்து வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் படிகளில் ஏறினேன். மூன்று வாடைகளில் கடைசி வாடைதான் இன்றும் எனக்குக் குமட்டலைத் தருகிறது. கோழிக் கடைக்காரர் தான் விற்பது இன்னதென்பதை யாருக்கும் மறைக்கவில்லை.

நான் ஆசிரியன் இல்லை. பதினோராம் ஆண்டில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ‘சி’ எடுத்தேன். உயர்தரத்துக்குப் போய்ப் பாதியில் நின்றேன். அதற்குப் பிறகு ஓர் அச்சுக் கடையில் தமிழ்த் தட்டச்சு வேலை. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், டியூஷன் மாஸ்டர்களின் டியூட். டியூட் என்பது வகுப்பில் கொடுக்கும் குறிப்புத்தாள். நான்கு பக்கமோ எட்டுப் பக்கமோ இருக்கும், ஓரத்தில் கம்பி அடித்திருக்கும். கடைக்கு ஆட்கள் வந்தால் கணினித் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நேரம் கேட்பதற்குக்கூட எனக்கு இரண்டு தடவை மூச்சு எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவனை ஒரு மாஸ்டர் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நல்ல சட்டை, நல்ல குரல். சனிக்கிழமைகளில் சாதாரண தரக் கணிதத்துக்கு அவரிடம் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் வருவார்கள். அவருடைய டியூட் எல்லாவற்றையும் அப்போது நான்தான் தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.

“அண்ணே, நீங்கதானே இதெல்லாம் டைப் பண்றீங்க. அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே.”

“எழுத்துதான் தெரியும் சேர்.”

“அது போதும். ரிபீட் கூட்டத்துக்கு அதுக்கு மேல எதுக்கு? நான் வர்ற வரைக்கும் ஒரு மணித்தியாலம், எண்களோட வகை, பின்னம், தசமம். டியூட்ட வாசிச்சு விடுங்க.”

சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். கடை வருமானத்தில் மட்டும் வீட்டை ஓட்ட முடியாத வருடம் அது. அவர் சொன்ன அந்த ஒரு வசனத்திலேயே அருவருப்படைந்து எழுந்து போயிருக்க வேண்டிய மனிதன் நான். போகவில்லை.

அந்த வகுப்பில் இரண்டு நிற அட்டைகள். முதல் தடவை பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வெள்ளை. கணிதத்தில் ‘டபிள்யூ’ எடுத்து, அதாவது தவறி, மறுபடியும் எழுதுகிறவர்களுக்கு மஞ்சள். வெள்ளை அட்டைக்காரர்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள். மஞ்சள் அட்டைக்காரர்களுக்குப் பின்சுவரோரம் நீளமான மர வாங்குகள். முன்வரிசை காலியாக இருந்தாலும் மஞ்சள் அட்டையோடு அங்கே உட்கார முடியாது. இது எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

என்னுடைய ஒரு மணித்தியாலம் எட்டு மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் மஞ்சள் அட்டைக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள், நாற்பது பேரளவில். திகன, கலகெதர, மடவளை, பேராதனைப் பக்கம் என்று பல இடங்களிலிருந்தும் வருவார்கள். கடையில் நிற்பவர்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருப்பவர்கள். பதினேழு வயதிலிருந்து முப்பது வயது வரை. முதல் மாதம் முழுவதும் நான் பலகையைப் பார்த்தபடியே பேசினேன். அவர்கள் என் முதுகுக்குப் பழகிவிட்டார்கள்.

எண்ணுவதற்கு உரிய எண்களிலிருந்து தொடங்குவேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பூச்சியம். பிறகு பூச்சியத்துக்குக் கீழே இருப்பவை. அதற்கு நகரத்து நடுவிலுள்ள பெரிய கடைத்தொகுதியின் மின்தூக்கியைச் சொல்வேன். நிலத்து மாடி பூச்சியம், கார் நிறுத்தும் கீழ்த்தளம் சய ஒன்று, அதாவது மைனஸ் ஒன்று, அதற்கும் கீழே சய இரண்டு. கீழே போகப் போக எண் பெரிதாகத் தெரிந்தாலும் பெறுமானம் சிறிதாகிறது என்பதை அதை வைத்துத்தான் அவர்களுக்குப் புரியவைத்தேன். அதை நானாகவே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மடவளையிலிருந்து ஒருவன் வருவான். மாமாவின் புடவைக் கடையில் நிற்கிறவன். இரண்டாம் தடவை.

“சேர், இந்தப் பூச்சியத்த எனத்துக்கு தனியா ஒரு கூட்டத்துல போட்டீக்கி? எங்கட மார்க்ஸ காட்டவா?”

“நீங்க எத்தனை எடுத்தீங்க?”

“எங்களுக்கு எங்க சேர் மார்க்ஸ் செல்றாங்க. டபிள்யூ மட்டும்தான் செல்லுவாங்க. அது எண்ணா, எழுத்தா?”

வாங்கெல்லாம் சிரித்தது. நானும் பலகையைப் பார்த்தபடி சிரித்தேன். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வெறுப்பாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெறுப்பு ஒன்பது மணிக்குத்தான் வரும்.

என்னுடைய கடைசி வருடத்தில் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது இருபத்தொன்பது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் உதவியாளர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளை மடுவம். பத்து வருடமாக அங்கே வேலை செய்தாலும் அவள் உதவியாளர்தான். பொறுப்பாளராக இருந்த பெண்மணி அடுத்த வருடத் தொடக்கத்தில் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சாதாரண தரத்தில் கணிதம் சித்தி பெற்றிருக்க, அதாவது தேறியிருக்க, வேண்டும் என்பது நிபந்தனை. மற்றப் பாடங்கள் எல்லாம் இருந்தன. கணிதத்தில் இரண்டு தடவை ‘டபிள்யூ’. இது மூன்றாம் தடவை. ‘எஸ்’ என்ற கடைசிச் சித்தி கிடைத்தாலே போதும். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைப் போடுவார்கள்.

இதையெல்லாம் அவள் முதல் நாளே என்னிடம் சொன்னாள். நான் கேட்கவில்லை. வகுப்புக்கு முன்னால் பலகை துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, “சேர், எனக்கு இந்தத் தடவ மட்டுந்தாங்க இருக்கு. புரியாட்டி கேப்பேன், கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

எண்ணக்கூடியவை வேறு, அளக்கக்கூடியவை வேறு என்பதை நான் நாற்பது பேருக்கும் விளங்கப்படுத்திக் களைத்துப்போன ஒரு நாளில் அவள் பின்வாங்கிலிருந்து சொன்னாள்:

“எங்க மடுவத்துல முப்பத்தோரு புள்ளைங்க சேர். முப்பத்தொண்ணரப் புள்ள வராது. ஆனா பாலு வரும், ஒருத்தனுக்கு ஒண்ணரக் கோப்ப.”

“அப்ப புள்ள முழு எண், பாலு பின்னம்” என்றான் மடவளைக்காரன்.

“ஒங்க கடையில துணியும் பின்னந்தான். நீங்கதான் முழு எண்ணு, ஒங்கள வெட்ட ஏலாது.”

இந்த விளக்கம் எந்த டியூட்டிலும் இல்லை. நான் அதைப் பலகையில் எழுதி வைத்தேன். ஒன்பது மணிக்கு மாஸ்டர் வந்து, வாசித்துப் பார்த்து, “இது என்ன பால் கணக்கு?” என்று துடைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு வெள்ளை அட்டைப் பிள்ளைகள் வந்து முன்னால் உட்காருவார்கள். மாஸ்டர் ஒலிவாங்கியைக் காதோரம் கொளுவிக்கொண்டு முதலில் பின்சுவரைப் பார்ப்பார்.

“மஞ்சக்காமாலை வார்டு எப்பிடி இருக்கு? சுகமா?”

முன்வரிசைகள் சிரிக்கும். அது ஒவ்வொரு வாரமும் அதே பகிடி. ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள். மாதப் பரீட்சை வைத்த நாளில் புள்ளிகளை ஒலிவாங்கியில் வாசிப்பார். மஞ்சள் அட்டைக்காரர்களை மட்டும் எத்தனையாவது தடவை என்பதைச் சொல்லி எழுப்புவார். “ரெண்டாந்தரம் எழும்பு. மூணாந்தரம் எழும்பு.” அந்தப் பெண் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால், மடித்த குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். “அக்கா, மடுவத்துல ஒங்களுக்கே ஒரு தொட்டில் போட்டுக் குடுப்பாங்களா?” என்று ஒரு நாள் கேட்டார். அவர் “உட்காருங்க” என்று சொல்லும் வரை நின்றாள். நான் மூலையில் டியூட் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததையே திரும்பவும் எண்ணினேன், நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்காக.

வெளியே வந்து கோழிக் கடைகளைத் தாண்டும்போது, அந்தச் சிரிப்பைவிட அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்த என்னுடைய முகம்தான் எனக்கு அசிங்கமாகத் தோன்றியது. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது விகிதமுறு எண்களும் விகிதமுறா எண்களும் என்ற பகுதியை மறுபடி எடுத்தேன். டியூட்டில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பக்கம் பின்னமாக எழுதக்கூடிய விகிதமுறு எண்கள். மறுபக்கம் அப்படி எழுதவே முடியாத விகிதமுறா எண்கள். அந்த மறுபக்கத்தில் இரண்டின் வர்க்கமூலம், மூன்றின் வர்க்கமூலம், பை, கடைசியாக 22/7. நான் தட்டச்சுச் செய்த அட்டவணை. மாஸ்டரின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடித்தேன். அவர் அதை வேறொரு மாஸ்டரின் டியூட்டைப் பார்த்து எழுதியிருந்தார். அந்த மாஸ்டர் எதைப் பார்த்தாரோ தெரியாது. வட்டக் கணக்குகள் எல்லாவற்றிலும் ‘பையின் பெறுமானம் 22/7 எனக் கொள்க’ என்று போட்டிருப்பார்கள். பை விகிதமுறா எண், பை என்றால் 22/7, ஆகவே அதுவும் விகிதமுறா எண். நான் ஐந்து வருடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை.

“தசமமா எழுதும்போது ஒரு இடத்துல முடிஞ்சாலும், ஒரே இலக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தாலும் விகிதமுறு எண். முடியாம, திரும்பியும் வராம போய்க்கிட்டே இருந்தா விகிதமுறா எண்” என்று சொல்லிவிட்டு, அட்டவணையை வாசிக்கச் சொன்னேன்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பெண் எழுந்து முன்னால் வந்தாள். வழக்கமாக யாரும் முன்னால் வருவதில்லை. டியூட்டின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினாள். இருபத்திரண்டை ஏழால் நீளமாக வகுத்திருந்தாள். மூன்று தசம் ஒன்று நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு. மறுபடியும் ஒன்று நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு. மூன்றாம் தடவையும் அதே. கீழே கோடு போட்டிருந்தாள்.

“சேர், இது திரும்ப வருதுங்க.”

நான் பார்த்தேன். வகுத்தலில் பிழை இல்லை. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“திரும்ப வந்தா விகிதமுறுன்னு இப்பதாங்க சொன்னீங்க. அதோட இது பின்னந்தானே சேர். பின்னமாவே எழுதியிருக்கே.”

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது முகங்களுக்கு முன்னால் என் வாய்க்குள் வந்த ஒரே வசனம் மாஸ்டருடைய வசனம்.

“யோசிக்காதீங்க. டியூட்ல இருக்கிறதப் பாடமாக்குங்க.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, “சரிங்க சேர்” என்று சொல்லிவிட்டுப் பின்சுவருக்குப் போனாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நானும் வகுத்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 22/7 என்பது பைக்குக் கிட்டத்தட்டச் சமமான பெறுமானம் மட்டுமே, பை அல்ல. கிட்டத்தட்ட என்ற சொல் அங்கே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. என்னைப் போல் எழுத்து மட்டும் தெரிந்தவனுக்கும் வாசிக்கக்கூடிய சொல்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று போனேன். அன்று அவர் வெளியூர் செமினாருக்குப் போயிருந்ததால் முன்வரிசை வகுப்பு இல்லை. என் வகுப்பில் அந்த அட்டவணையைத் தொடாமல் பின்னத்தை எடுத்தேன். முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு கதிரைக்குக் கீழே வெள்ளை அட்டைப் பிள்ளைகளின் டியூட் ஒன்று கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னரே அவர்களுடைய டியூட்டை மாஸ்டர் வேறொரு கடையில், வண்ண மேலட்டையோடு அச்சடிக்கத் தொடங்கியிருந்தார். அதனால் அதை நான் பார்த்ததே இல்லை. விரித்தேன். அதே அட்டவணை. 22/7 இடம் மாறி, விகிதமுறு எண்களின் பக்கத்தில் இருந்தது.

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை அட்டைக்குத் திருத்தியிருக்கிறார்கள். மஞ்சள் அட்டைக்குத் திருத்தவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை படிக்கட்டில் வைத்து அவரை நிறுத்தினேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரை வழிமறித்தது அதுதான் முதல் தடவை.

“சேர், ரிபீட் டியூட்ல ஒரு பிழை இருக்கு. இருபத்திரண்டின் கணக்கு.”

“ஆ, அதுவா” என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அது எனக்குத் தெரியுமே அண்ணே. ஒரு அம்மா வந்து கத்திட்டுப் போச்சு, இன்ஜினியரோட வைஃப். புது டியூட்ல மாத்திட்டேன்.”

“பின்னால இருக்கிறவங்களுக்கு?”

“பழைய டியூட் அறுநூறு கிடந்துச்சு. எறியச் சொல்றீங்களா? அதெல்லாம் ரெண்டு மாக்ஸ். அதுகள் அந்தக் கேள்விய வாசிக்கவே மாட்டுதுகள்.”

“ஒரு பிள்ளை வகுத்துப் பாத்திருக்கு.”

“யாரு? தொட்டில் அக்காவா?” சிரித்தார். “இப்ப மாத்திச் சொன்னா குழம்பிருங்கள். பரீட்சை முடியட்டும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், விளங்குதா? உங்க பேரும்தானே கெடும்.”

கீழேயிருந்து கோழி வாடை வந்தது. அவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மேலே ஏறிப்போனார். அறுநூறு தாள்களைத் தீர்ப்பதற்காக, காசு கொடுத்துப் படிக்க வந்த பெரியவர்களுக்குத் தெரிந்துகொண்டே பிழையைக் கொடுத்த மனிதர் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறார். அந்தக் காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஆனால் நான் என்ன செய்தேன்? அன்றும் மேலே போய் ஒரு மணித்தியாலம் தசமம் எடுத்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். பின்வாங்கிலிருந்து அவள் அதைப்பற்றித் திரும்பக் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை என்னுடைய வகுப்பு நடக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே செமினார் என்று மாஸ்டர் அறிவித்தார். நான் தாள் கொடுக்கும் வேலை மட்டும். அவள் வரவில்லை. மடுவத்தில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பக்கத்து வாங்கில் இருந்த ஒரு பெண் சொன்னாள். பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

மாஸ்டரின் மேசை லாச்சியில் அட்டைப் பதிவேடு இருக்கும். அவர் தேநீர் குடிக்கப் போன நேரம், மஞ்சள் அட்டைக்காரர்களின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். திருடுவது போலிருந்தது. அன்று மத்தியானத்துக்குப் பிறகு மண்டபத்துக்கு நான் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக எடுத்தேன். ஒவ்வோர் எண்ணை அழுத்துவதற்கு முன்னும், சொல்ல வேண்டிய வசனத்தைத் தாளில் பார்த்து ஒரு தடவை வாசித்துக்கொண்டேன். பாதிப்பேர் எடுக்கவில்லை. சிலர் நான் யார் என்பதை விளங்கிக்கொள்வதற்கே நேரம் எடுத்தார்கள். ஒரு தாய், “பரீட்சைக்கு முன்னால புள்ளைய ஏன் சேர் பயப்படுத்துறீங்க” என்று ஏசிவிட்டு வைத்தார். மடவளைக்காரன் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“சேர், அந்த டியூட்ட நான் படிச்சீந்தாத்தானே பிழையாப் படிச்சீக்க. எனக்கு ஒரு நட்டமும் இல்ல. நீங்க அந்த மடுவத்து அக்காக்கு செல்லுங்க. அவதான் எல்லாத்தையும் அப்பிடியே பாடமாக்கி வெச்சீக்கா.”

அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஹந்தானைக்கு பஸ் எடுத்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடைசித் தரிப்பிலிருந்து மேலே நடந்து, இரண்டு பேரிடம் வழி கேட்டு மடுவத்தைக் கண்டுபிடித்தேன்.

நீளமான ஒற்றை அறை. விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். வேப்பிலை கட்டியிருந்தது. அவள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் பயந்துவிட்டாள்.

“என்னங்க சேர், அட்மிஷன் கார்ட்ல ஏதும் பிழையா?”

“இல்லை. டியூட்ல பிழை. நீங்க வகுத்தது சரி. அன்னைக்கு நான் சொன்னது பிழை. இருபத்திரண்டின் கீழ் ஏழு விகிதமுறு எண்.”

வீட்டில் பழகிக்கொண்டு வந்த வசனங்கள். மூச்சு விடாமல் சொன்னேன். அவள் தோளில் இருந்த குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள்.

“அது தெரியுங்க சேர்.”

“தெரியுமா?”

“வகுத்துப் பாத்தேனே. கண்ணு முன்னால திரும்ப வருதே.” பிறகு கேட்டாள்: “ஆனா பேப்பர் திருத்துறவங்க கணக்கப் பாத்துத் திருத்துவாங்களா, டியூட்டப் பாத்துத் திருத்துவாங்களா?”

அவள் பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அது அவளுக்குத் தெரியவில்லை. சரி எது என்பது ஒன்று, புள்ளி கிடைப்பது வேறொன்று என்று நாங்கள் அவளுக்குப் படிப்பித்திருந்தோம். கணிதத்தில் அவள் எங்களிடம் உருப்படியாகக் கற்ற ஒரே பாடம் அதுவாக இருந்தது.

“கணக்கப் பாத்துத்தான் திருத்துவாங்க” என்றேன்.

“நிச்சயமாங்களா?”

“நிச்சயம்.”

“அப்ப டியூட்ல மத்தது?”

“மத்ததெல்லாம் சரி.”

“அத யாரு பாத்தாங்க சேர்?”

நான் பார்த்திருக்கவில்லை. யாரும் பார்த்திருக்கவில்லை. “சரியாத்தான் இருக்கும்” என்றேன். அவள் தலையாட்டினாள். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். ஒரு தொட்டிலில் குழந்தை அழத் தொடங்கியதால், நான் பிறகு வருகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

முடிவுகள் வந்தபோது நான் அச்சுக் கடையில் முழு நேரமும் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தேன். மண்டபத்து வேலை, சொல்லாமல் நின்றவுடனேயே முடிந்துபோனது. மாஸ்டர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. என் இடத்துக்கு இன்னொருவரைப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இப்போது டியூட் தட்டச்சுச் செய்ய வந்தால் விடைகளை எல்லாம் ஒரு தாளில் செய்து பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன். முதலாளி அதற்கு ஏசுகிறார். ஒரு மணித்தியால வேலை மூன்று மணித்தியாலம் ஆகிறது.

அவள் கடைக்கே வந்தாள். மடித்த குடையோடு. முகத்தைப் பார்த்தே விளங்கியது.

“திரும்பவும் டபிள்யூதாங்க சேர்.”

“அந்தக் கேள்வி வந்துச்சா?” என்று கேட்டேன். கேட்ட பிறகு என் மீதே வெறுப்பாக இருந்தது.

“வரலைங்க. அந்தப் பகுதியே வரல.” மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். “ஆனா டியூட்ல ஒண்ணு பிழைன்னா மத்ததும் பிழையா இருக்குமேன்னு ஒரே நெனப்பு. சூத்திரம் எழுதிட்டு, இது சரிதானான்னு சின்ன எண்ணு போட்டுப் போட்டுப் பாத்தேன். எல்லாத்துக்கும் பாத்தேன். மணி அடிக்கையில நாலு கேள்வி எழுதாமக் கெடந்துச்சு. பாத்ததெல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு.”

அவள் வகுத்துக் காட்டிய அன்றே நான் ஒப்புக்கொண்டிருந்தால், ஐந்து வாரம் இருந்தது. ஒவ்வொரு சூத்திரத்தையும் நாற்பது பேரும் சேர்ந்து சரி பார்த்திருக்கலாம். நான் அவளுக்கு உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாத நாளில். ‘மாத்திச் சொன்னா குழம்பிருங்கள்’ என்று மாஸ்டர் சொன்னார். அவர் சொன்னதே நடந்தது. அது எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

“மடுவத்துக்கு யாரைப் போட்டாங்க?”

“ஒரு புள்ள, கம்பளையில இருந்து. இருபத்திரண்டு வயசு. நல்ல புள்ளதான். தொட்டில் கட்டத் தெரியாது, நான் காட்டிக் குடுத்தேன்.”

கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். நான் இரண்டு தடவை மூச்சு எடுத்தேன்.

“அடுத்த தடவைக்கு நானே சொல்லித் தர்றேன். ஒண்ணும் தர வேணாம். ஞாயிற்றுக்கிழமைல, இங்கேயே. ஒவ்வொண்ணா சரி பார்த்துப் படிக்கலாம்.”

அவள் கைப்பையைத் திறந்தாள். பள்ளிக்கூடத்துக் கணிதப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். பழையது, வேறு யாரோ ஒரு பிள்ளையுடையது. முதல் அத்தியாயத்தில் ஓலைத்துண்டு ஒன்றை அடையாளம் வைத்திருந்தாள்.

“எழுதுவேங்க சேர். அடுத்த வருசமும் எழுதுவேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “ஆனா வேணாங்க. இந்தத் தடவ யார்கிட்டயும் போகல. இதுல இருந்து பாக்குறேன். ஒரு பக்கம் ஒரு நாளைக்குன்னாலும் பரவால்ல.”

“விளங்காட்டி?”

“விளங்குற வரைக்கும் அந்தப் பக்கத்துலயே இருப்பேன்.”

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? தான் வந்த காரியத்தை அப்போதுதான் சொன்னாள். புத்தகத்தில் ஐந்தாறு பக்கங்கள் கிழிந்திருந்தன. அந்தப் பக்கங்கள் உள்ள வேறொரு புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருந்தாள், அவற்றைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னாள். இயந்திரத்தை இயக்கினேன். எடுத்த பக்கங்களைக் கையில் வாங்கி, மூலத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தாள். ஓர் இடத்தில் மை மங்கியிருந்தது. அதை நீட்டினாள்.

“இத மட்டும் திரும்ப எடுங்க சேர்” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.